பழைய சிஎஸ்எஸ் கோப்பில் இருக்கும் வெண்டார் ப்ரீஃபிக்ஸ்களை எல்லாம் நீக்கிவிடலாமா?

வெண்டார் ப்ரீஃபிக்ஸ் என்றால், வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் வரிகளில், ஒரு குறிப்பிட்ட பிரவுசருக்காக முன்னால் ஒட்டப்படும் -வெப்கிட்- போன்ற அடையாளம். பெரும்பாலானவற்றைத் தாராளமாக நீக்கலாம். ஆனால் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு ஒரே மூச்சில் நீக்காதீர்கள். நான் அப்படிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

யோசிக்காமல் தூக்கக்கூடியவை முதலில். -ஓ- வரிகள் ஓபரா சொந்த எஞ்சினில் ஓடிய காலத்துச் சமாச்சாரம். 2013-லேயே அது குரோம் பக்கம் போய்விட்டது. -எம்எஸ்- பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக எழுதியவை; விண்டோஸ் 10-ல் அதற்கான ஆதரவு 2022 ஜூனில் முடிந்தது. பார்டர்-ரேடியஸ் (வட்ட மூலை), பாக்ஸ்-ஷேடோ (நிழல்), டிரான்சிஷன் (படிப்படியான மாற்றம்) மூன்றுக்கும் எந்த ப்ரீஃபிக்ஸும் தேவைப்படாமல் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

வம்பெல்லாம் சஃபாரி, குரோம் வகையறாவுக்கான -வெப்கிட்-டில்தான். அதை மொத்தமாக அழித்தேன். இரண்டு வரியோடு மூன்று புள்ளி வைத்து நின்ற தலைப்புகள் எல்லாம் ஐந்து வரிக்கு நீண்டு கார்டுகளைப் பிதுக்கிவிட்டன. இத்தனை வரியோடு நிறுத்து என்று சொல்லும் லைன்-கிளாம்ப் வேலை செய்ய ‘டிஸ்ப்ளே: -வெப்கிட்-பாக்ஸ்’, ‘-வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட்: வெர்டிகல்’, ‘-வெப்கிட்-லைன்-கிளாம்ப்’ மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். முதல் இரண்டும், பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் முறையான ஃபிளெக்ஸ்பாக்ஸின் 2009 காலத்து மிச்சம். பார்த்தால் குப்பை மாதிரிதான் தெரியும், ஆனால் ஃபயர்பாக்ஸ்கூட இன்று அதே பெயரில்தான் ஏற்றுக்கொள்கிறது! அதேபோல யூசர்-செலக்டுக்கு (எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடலாமா என்பது) சஃபாரி இன்னும் ப்ரீஃபிக்ஸ் கேட்கிறது. பேக்டிராப்-ஃபில்டருக்கு (பின்னால் இருப்பதை மங்கலாக்குவது போன்றவை) 2024-ல் சஃபாரி 18 வரும் வரை கேட்டது.

ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கிரேடியன்ட்டில் வேறொரு குழி. ‘-வெப்கிட்-லீனியர்-கிரேடியன்ட்(டாப், ...)’ என்று மட்டும் எழுதியிருந்தால், முன்னால் இருக்கும் -வெப்கிட்-டை அழித்தால் போதும் என்று தோன்றும். போதாது. பழைய முறையில் ‘டாப்’ என்றால் மேலிருந்து தொடங்கு என்று அர்த்தம். இப்போதைய முறையில் அதையே ‘டு பாட்டம்’ என்று எழுத வேண்டும். மாற்றாமல் விட்டால் பிரவுசர் அந்த வரியையே தள்ளிவிடும், பின்னணி நிறமே இருக்காது.

சரி, பழைய பிரவுசர்காரர்கள் கதி? வட்ட மூலை சதுரமானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபிளெக்ஸ்பாக்ஸ் உடைந்தால்தான் பக்கமே கலையும், அதனால் அதைக் கடைசியில் தொடுங்கள். நான் இப்போதெல்லாம் மூலக் கோப்பில் ப்ரீஃபிக்ஸ் இல்லாத வரியை மட்டும் எழுதுகிறேன். எந்தெந்தப் பிரவுசர் வேண்டும் என்பதை பிரவுசர்ஸ்லிஸ்ட் என்ற பட்டியலில் சொல்லிவிட்டால், ப்ரீஃபிக்ஸ்களைத் தானாகச் சேர்க்கும் ஆட்டோப்ரீஃபிக்சர் என்ற கருவி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. லைன்-கிளாம்ப் மூன்றை மட்டும் கையாலேயே எழுதி, மேலே ‘தொடாதே’ என்று ஒரு கமென்ட் போட்டிருக்கிறேன்.