வில்லுப்பாட்டு முதல் ஜாஸ் வரை சேர்த்து வீட்டில் செய்த ஒரு மணி நேர மிக்ஸை நண்பர்களோடு எப்படிப் பகிர்வது?

கேட்டிருப்பது இதுதான்: மார்த்தாண்டம் பக்கம் வீடு. பழைய வில்லுப்பாட்டு கேசட், திருவிழாவில் போனில் பதிந்த சிங்காரி மேளம் (செண்டைக் குழு), மலையாளப் பாட்டு, கிறிஸ்தவக் கீர்த்தனை, நாதஸ்வரம், கொஞ்சம் ஜாஸ் எல்லாம் சேர்த்து ஒரு மிக்ஸ் செய்திருக்கிறீர்கள். சத்தம் ஏறி இறங்குகிறது, காரில் போட்டால் வரிசை குலைகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

தேர்வில் ஒரு குறையும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி நம் கன்னியாகுமரி மாவட்டம். கோயில் கொடைவிழாவுக்கு வில்லு, திருவிழாவுக்குச் செண்டை, ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை, தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சி என்று எல்லாம் ஒரே பஸ் ரூட்டில் காதில் விழும். இங்கே உள்ளவர்களுக்குப் பலவகை இசை புதிதில்லை. பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்புதான். ஒரு பாட்டின் கடைசிப் பத்து நொடியும் அடுத்ததின் முதல் பத்து நொடியும் ஒட்டாவிட்டால் கை தானாகப் போனுக்குப் போகும். உங்கள் உழைப்பில் பாதியை அந்த இருபது நொடிக்குக் கொடுங்கள்.

முதலில் கேசட். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து லேப்டாப்புக்கு நேராக மைக் துளையில் செருகக் கூடாது. அது பெரும்பாலும் மோனோ. லைன் அளவுச் சத்தத்தை அது தாங்காமல் கரகரக்கும். சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றில் லைன் இன்புட்டாகக் கொடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். பதியும்போது ‘ம்ம்ம்’ என்று அடியில் ஒரு இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதோடு நின்றுவிடும்.

பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக இருந்தால் உடனே ஈக்வலைசரைத் தொடாதீர்கள். டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு திருகாணி இருக்கும். அதன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை மோனோவாக்கிக் கேட்டபடியே காந்தம் ஏறாத ஸ்க்ரூ டிரைவரால் துளித்துளியாகத் திருப்புங்கள். ஜால்ரா எந்த இடத்தில் பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சத்தம் அலைபாய்ந்தால் கேசட்டுக்குள் டேப்பை அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை விழுந்திருக்கலாம். அப்படியானால் இரு சுருளையும் திருகு போட்ட வேறொரு கூட்டுக்கு மாற்றவேண்டும். நம் கடலோர ஈரப்பதத்தில் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூப்பது சகஜம். அந்த கேசட்டை நல்ல டெக்கில் போடவே கூடாது. ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

வேகத்தையும் பார்க்கவேண்டும். டெக் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஒரு செமிடோன், ஏறிவிடும். கேசட்டில் ஆர்மோனியம் இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. போனில் ஒரு ட்யூனர் செயலியை வைத்துப் பாருங்கள். சுரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கினால் வேகம் தவறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்டால் சரிசெய்யுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் இதற்கு வேண்டாம், குரல் கெட்டுவிடும். இரைச்சல் நீக்கத்தில் 6 முதல் 9 டெசிபல் வரை போதும். அதற்கு மேல் போனால் ‘ஸ்’ போகும், உடுக்கையின் தோல் ஒலியும் கூடவே போகும். கேசட்டின் லேசான ‘ஸ்’ இருக்கட்டும், யாரும் அதற்காகப் பாட்டை நிறுத்தமாட்டார்கள்.

போனில் பதிந்த மேளம் வேறு கதை. சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர்கள் பல சத்தத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். செண்டை அடி விழும்போது அமுங்கி, நின்றவுடன் கூட்டத்தின் பேச்சை மேலே தூக்கிக் கொடுக்கும். பதிந்தபின் இதைச் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை கெய்னை (பதிவாகும் சத்த அளவை) கையால் வைக்கக்கூடிய செயலியில், வேவ் கோப்பாக, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் பதியுங்கள். குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், குழுவுக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் நில்லுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமோ கடற்கரையிலோ என்றால் மைக்குக்கு ஃபோம் உறை கட்டாயம். காற்று இடித்த பதிவில், அடி ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் போடலாம். ஆனால் வில்லுப்பாட்டுக்கு அதை 60 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றவேண்டாம், குடத்தின் அடிநாதம் மெலிந்துவிடும். குடம் இல்லாத வில்லு வில்லே இல்லை. பதியும் முன் புலவரிடம் (வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகரிடம்) கேளுங்கள், யாருக்கெல்லாம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி சத்தம். 1970-களின் இசைத்தட்டிலிருந்து எடுத்ததும் 2000-க்குப் பிந்தைய சிடியும் ஒரே வால்யூமில் 8, 10 டெசிபல் வித்தியாசப்படலாம். உச்சத்தைச் சமன்செய்தால் தீராது, காது கேட்பது சராசரியை. ஆடாசிட்டியில் லௌட்னஸ் நார்மலைசேஷன் எடுத்து மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அளவு) கொடுங்கள். அதிலேயே மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் போடாவிட்டால் மோனோக் கோப்பாக இருக்கும் பழைய பாட்டெல்லாம் 3 டெசிபல் பிசகி நிற்கும்.

இந்த எண்ணை முழுதாக நம்பிவிடவும் கூடாது. சிங்காரி மேளம் மெதுவாகத் தொடங்கி உச்சத்தில் முடியும். சராசரி மைனஸ் 16 ஆனாலும் அதன் கடைசி நிமிடம் அதைவிட எவ்வளவோ பலம். அதன் பின்னால் கிட்டார் ஒன்று தனியாகத் தொடங்கினால் கேட்பவர் வால்யூமைக் கூட்டுவார், அடுத்த பாட்டில் காது கிழியும். அதனால் இணைப்புகளை மட்டும் தனியாக வெட்டி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். சத்தத்தை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கும் என்வலப் கருவியால் மேளத்தின் கடைசி அரை நிமிடத்தை 2 டெசிபல் படிப்படியாகக் குறைத்து, கிட்டாரின் முதல் இருபது நொடியை ஒன்றரை டெசிபல் தூக்கினாலே போதும். குறைத்தது யாருக்கும் தெரியாது.

சுருதி வரிசை இந்த வேலையில் மிகவும் ருசியான பகுதி. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆதார சுருதியைத் தம்புரா செயலியை வைத்துக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே கட்டை என்றால் தடையின்றி ஒட்டும். ஒரு கட்டையிலிருந்து (மேற்கத்திய சி) ஐந்து கட்டைக்குப் (ஜி) போனால் பஞ்சமம், நான்குக்குப் (எஃப்) போனால் மத்தியமம், இரண்டும் இனிமையாக இறங்கும். ஒன்றிலிருந்து ஒன்றரைக்குப் போனால்தான் பல் கூசும். ஈ ஃப்ளாட்டில் ஆர்கன் வாசித்துப் பாடிய கீர்த்தனையையும் அதே சுருதியான இரண்டரைக் கட்டை நாதஸ்வரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆர்கனின் கடைசி ஸ்வரத்தில்தான் நாதஸ்வரத்தின் ஆதார சட்ஜம் உட்காரும். தேவாலயத்திலிருந்து கோயில் வாசலுக்கு வந்ததை ஒருவர் கவனிப்பதற்குள் ராகம் தொடங்கிவிட்டிருக்கும். பலவகை மிக்ஸ் என்பதற்கு அர்த்தமே இப்படிப்பட்ட இடங்கள்தான் என்பேன்.

ஒட்டாத இரண்டு பாட்டுக்கு நடுவில் சுருதி இல்லாத ஒலியை வையுங்கள். உடுக்கை, வில்லின் மணிச்சத்தம், குளச்சல் கடற்கரையின் அலை, எதுவானாலும் பத்துப் பன்னிரண்டு நொடி. காது முந்தைய சுருதியை மறந்துவிடும். தம்புரா, ஆர்கன்போல நீளமாக நிற்கும் ஒலிகளுக்கு இரண்டு முதல் நான்கு நொடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது வளர்வது) அழகு, அதில் ‘கான்ஸ்டன்ட் பவர்’ வளைவைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் நடுவில் ஒரு பள்ளம் விழும். தாளம் உள்ள இரண்டை ஒருபோதும் மேலேற்றாதீர்கள், இரு தாளமும் மோதி இரைச்சலாகும். சுத்தமாக வெட்டி, முக்கால் நொடி மௌனம் விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

வில்லுப்பாட்டு மணிக்கணக்கில் ஓடும். மிக்ஸுக்கு நான்கைந்து நிமிடம் எடுத்தால் போதும். புலவர் ஒரு அடியை முடித்து, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட்டு, குடத்தில் அடி விழும் இடத்தில் வெட்டுங்கள். கதையின் நடுவே வெட்டினால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். வெட்டும் முன் இசட் விசையை ஒருமுறை தட்டினால் வெட்டு அலையின் பூஜ்ஜியப் புள்ளிக்கு நகரும், ‘டக்’ என்ற சத்தம் வராது.

மொத்தம் அறுபது நிமிடம், பன்னிரண்டு பதினான்கு துண்டு. அதற்கு மேல் நீட்டவேண்டாம். வெளியே எடுக்கும்போது உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் கட்டுங்கள். எம்பி3 ஆக மாறும்போது உச்சம் சற்று எகிறும், இடம் விடாவிட்டால் கரகரக்கும். வேவ் மாஸ்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், சிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி. காதுக்கு எம்பி3 320 கேபிபிஎஸ் என்றால் 144 எம்பி. பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கொடுத்தால் எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு மௌனம் சேர்ந்து, பாடுபட்டுச் செய்த இணைப்பெல்லாம் சில பிளேயர்களில் விக்கும். மிக்ஸை ஒரே கோப்பாக வையுங்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றால் ஃப்ளாக் (தரம் குறையாத கோப்பு வடிவம்).

காருக்குப் பிரித்த கோப்புகளாகக் கொடுத்தால்: பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும். பல கார் ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். வரிசை குலைவதன் காரணம் இதுதான். டிரைவைக் காலிசெய்து, 01, 02 என்று எண்ணிட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள். பழைய ஸ்டீரியோவில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்புக்கு எண்ணை மட்டும் பெயராக வைத்து, தமிழ்ப் பெயரை எம்பி3 கோப்புக்குள் பாட்டு விவரம் வைக்கும் ஐடி3 2.3 டேகில் எழுதுங்கள். 2.4 டேகைப் பல பழைய கருவிகள் படிப்பதில்லை.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டு. பதிவு பழையது என்பதால் மட்டும் பாட்டு பொதுவாகிவிடாது. கடையில் வாங்கிய வில்லுப்பாட்டு கேசட்டுக்கும் இதே கணக்குதான். ஆகவே முழு மிக்ஸ் உங்கள் காருக்கும் வீட்டில் கூடிக் கேட்பதற்கும் இருக்கட்டும். வெளியே உள்ள ஆர்வலர்களுக்கு, விற்பனையில் உள்ள பாட்டுகளை ஸ்ட்ரீமிங் தளத்தில் அதே வரிசையில் பிளேலிஸ்டாக்கி இணைப்பைக் கொடுங்கள். நீங்கள் பதிந்து, பாடியவர்களின் சம்மதமும் பெற்றவற்றை மட்டும் கோப்பாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் கோப்பு அளவு வரம்பில் இடிக்கலாம், ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை போகும். டெலிகிராமிலும் 2 ஜிபி.

கூடவே பட்டியல் போகாவிட்டால் பாதி வேலை வீண். நேரம், பாட்டு, பாடியவர் அல்லது குழு, ஊர், தெரிந்தால் ஆண்டு, எதிலிருந்து எடுத்தது, சுருதி என்று ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். “14:20 – சிங்காரி மேளம், கோயில் திருவிழா, போன் பதிவு” என்ற அளவு போதும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய டிடிபி எழுத்துருவில் அடித்தால் அடுத்தவர் போனில் குப்பையாகத் தெரியும். ஊரும் குழுவும் எழுதியிருந்தால்தான் கேட்டவர் ‘இவர்களை எங்கள் கொடைக்குக் கூப்பிட முடியுமா’ என்று திருப்பிக் கேட்பார். கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி நம்மால் செய்ய முடியாது.

கூடிக் கேட்கும்போது ஆறு பேர், எட்டுப் பேர் போதும். டைல்ஸ் போட்ட ஹாலில் எதிரொலி குடத்தையும் செண்டையையும் குழப்பும், தரையில் ஜமுக்காளம் விரித்து ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வையுங்கள். புளூடூத்தை விட்டு வயரில் இணையுங்கள். முடிந்ததும் எது பிடித்தது என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எந்த நிமிடத்தில் கவனம் சிதறியது என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே நிமிடத்தைச் சொன்னால் அந்த இணைப்பைத் திறந்து திரும்பச் செய்யுங்கள்.

உங்கள் கேசட்டில் ஆர்மோனியம் இருக்கிறதா, டெக் எந்த மாடல் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், வேகக் கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம்.