எகிப்திய மன்னர் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்?

எகிப்திய வரலாற்றை 30 வம்சங்களாகப் பிரித்த மனேத்தோவை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனேத்தோ கி.மு. 3ஆம் நூற்றாண்டு எகிப்தியக் கோயில் பூசாரி. அவர் கிரேக்க மொழியில் எழுதிய நூல் தொலைந்துபோய்விட்டது. பின்னால் வந்த ஜோசிபஸ், ஆப்பிரிக்கானஸ், யூசிபியஸ் போன்றோர் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். அவையும் ஒத்துப்போவதில்லை. 7ஆம் வம்சத்தில் 70 மன்னர்கள் 70 நாள் ஆண்டார்கள் என்று ஆப்பிரிக்கானஸ் வழிப் பிரதி சொல்கிறது. யூசிபியஸ் வழிப் பிரதியிலோ 5 மன்னர்கள், 75 நாள். இதில் எது மனேத்தோவின் தவறு, எது படியெடுத்தவரின் தவறு என்று எப்படிப் பிரிப்பது? அதனால் வம்ச வரிசைக்கு அவரை எடுத்துக்கொள்வேன், ஆண்டுக்கணக்குக்கு மாட்டேன்.

சரி, எகிப்தியர்களே எழுதிவைத்தவை? அபிடோஸ் என்ற ஊரில் மன்னர் முதலாம் சேத்தி கட்டிய கோயில் சுவரில் 76 மன்னர் பெயர்கள் உள்ளன. ஆட்சி செய்த ஹட்செப்சுட், அக்கெனாதென், துட்டன்காமுன் மூவரும் அதில் இல்லை. அது முன்னோர்க்குப் படையல் வைப்பதற்கான பட்டியல். படையலுக்கு உரியவர் என்று அரசகுலம் ஏற்றவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். இத்தாலியின் துரின் நகரில் இருக்கும் பாப்பிரஸ் (நாணல் தாள்) மன்னர் பட்டியல் வேறு ரகம். வரிக்கணக்கு எழுதிய தாளின் பின்பக்கத்தில், ராம்சேஸ் என்ற பெயர்கொண்ட மன்னர்கள் ஆண்ட காலத்தில் எழுதியது. அந்நியரான ஹிக்சோஸ் மன்னர்களைக்கூட விடவில்லை. ஆட்சிக்காலத்தை ஆண்டு, மாதம், நாள் என்று கொடுக்கிறது. துண்டு துண்டாகச் சிதைந்து கிடந்தாலும் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

அந்தப் பாப்பிரஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 2ஆம் வம்சத்தின் கடைசிப் பகுதியில் 'ஹுட்ஜெஃபா' என்று ஒரு மன்னர் வருகிறார். சக்காராவில் ஒரு கல்லறையில் கிடைத்த பட்டியலிலும் அவர் இருக்கிறார், மன்னர் பெயரைச் சுற்றி வரையும் நீள்வட்டத்தோடு. ஆனால் அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு அவர் காலத்துச் சான்று ஒன்றுகூட இல்லை. அந்தச் சொல்லுக்கு 'அழிந்துவிட்டது' என்று பொருள்! மூல ஏடு சிதைந்திருந்த இடத்தில் யாரோ ஒரு எழுத்தர் அப்படிக் குறித்துவைக்க, அடுத்து வந்தவர் அதையே பெயராக எடுத்துக்கொண்டார் என்பதுதான் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

இதைக் காட்டிப் பட்டியல்களைத் தள்ளிவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்த முதல் எழுத்தர் நினைத்திருந்தால் ஒரு பெயரைக் கற்பனை செய்து இட்டு நிரப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அதைச் செய்யவில்லை.