அசூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ்: எந்த லெவல் எடுக்கலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: சார், எங்கள் பில்லிங் அப்ளிகேஷனின் டேட்டாபேஸ் அசூரில் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவை) எஸ்0-வில் ஓடுகிறது; பேசிக், எஸ்0, எஸ்1 என்று ஏறும் லெவல்களில் ஒன்று அது. தரவு 6 ஜிபிதான். ஆனாலும் மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: தரவின் அளவை வைத்து லெவல் பார்ப்பதால் வரும் வினை இது. எஸ்0-வில் 250 ஜிபி வரை கொட்டலாம்; வேலை செய்யக் கிடைப்பதோ 10 டிடியூ. சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றையும் கலந்து கட்டிய அளவு அது. எஸ்0, எஸ்1, எஸ்2 எதிலும் முழுதாக ஒரு விகோர், அதாவது மெய்நிகர் சிபியூ கோர்கூடக் கிடையாது. போதாததற்கு பேசிக், எஸ்0, எஸ்1 கோப்புகள் எஸ்எஸ்டியில் இல்லை, ஹார்ட் டிஸ்க் வகை ஸ்டோரேஜில் கிடக்கின்றன. டெஸ்டிங்குக்குச் சரி, பில் போடும் இடத்துக்கு ஆகாது.

அதற்காக உடனே எஸ்3-க்குத் தாவாதீர்கள். மாஸ்டர் டேட்டாபேஸில் ரிசோர்ஸ் ஸ்டாட்ஸ் என்ற வியூ இருக்கிறது. 5 நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் 14 நாள் பயன்பாட்டுக் கணக்கு அதில் நிற்கும். மாதக் கடைசி முடிந்த கையோடு பாருங்கள். சிபியூ, டேட்டா ஐஓ (டேட்டா கோப்பில் படிப்பது, எழுதுவது), லாக் ரைட் (மாற்றங்களை லாக்கில் பதிவது) இவற்றில் எது 100 சதவீதத்தில் முட்டுகிறது? சிபியூவோ டேட்டா ஐஓவோ என்றால் அநேகமாக இண்டெக்ஸ் இல்லாத ஒரு குவெரி முழு டேபிளையும் துழாவிக்கொண்டிருக்கும். லாக் ரைட் என்றால், வரிவரியாக இன்செர்ட் போகிறதா என்று பாருங்கள். இவற்றைச் சரிசெய்தும் முட்டினால் காசைச் செலவழியுங்கள். 14 நாள் சராசரியை மட்டும் நம்பாதீர்கள், நள்ளிரவில் சும்மா இருந்ததும் அதில் சேர்ந்திருக்கும்.

கேள்வி: அண்ணா, மாதக் கடைசிக்கு மட்டும் லெவலை ஏற்றிவிட்டு இறக்கலாமா?

பதில்: தாராளமாக. டிடியூ முறையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதில் இருந்த உச்ச லெவலுக்குத்தான் பில். ஆனால் மாறும் கணத்தில் இணைப்பு அறுந்து, ஓடிக்கொண்டிருந்த டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகும், அதுவரை செய்தது ரத்தாகிவிடும். அப்ளிகேஷனில் ரீட்ரை (தானே மறுபடி முயலும் வசதி) இல்லையென்றால் பகலில் கை வைக்காதீர்கள். இன்னொன்று: எஸ்3-இல் கிளஸ்டர்டு காலம்ஸ்டோர் இண்டெக்ஸ் (டேபிளை நெடுவரிசை வாரியாகச் சேமிப்பது) போட்டுவிட்டு எஸ்2-க்கு இறக்கினால் அந்த டேபிளையே தொட முடியாது.

கேள்வி: சர்வர்லெஸ்ஸுக்கு (வேலை இல்லாதபோது டேட்டாபேஸ் தானே நின்றுவிடும் முறை) மாறியும் எங்கள் பில் குறையவே இல்லையே?

பதில்: ஏதோ ஒன்று அதைத் தூங்கவிடவில்லை. மானிட்டரிங் பிங், யாரோ மூடாமல் விட்ட மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ ஜன்னல்... ஒரு செஷன் திறந்திருந்தாலும் ஆட்டோ பாஸ் ஆகாது, அதாவது தானே நிற்காது. நாள் முழுக்க வேலை இருக்கிற டேட்டாபேஸுக்கு சர்வர்லெஸ் நஷ்டம்தான், அதன் விகோர் விலை கூடுதல். தூங்கி எழும்போது முதல் இணைப்பு 40613 பிழையோடு திரும்பும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: எங்களுக்கு 20 வாடிக்கையாளர்கள், ஆளுக்கொரு எஸ்2. கட்டுப்படியாகவில்லை.

பதில்: ஆளுக்கு 50 வீதம் மொத்தம் 1000 டிடியூவுக்குக் கட்டுகிறீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டுகிறார்களா? ஒரே கிராஃபில் 20 பேரையும் கூட்டிப் பாருங்கள். கூட்டு உச்சம் 200 டிடியூவைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். எலாஸ்டிக் பூலில் (பல டேட்டாபேஸ்கள் ஒரே டிடியூ தொகுப்பைப் பங்கிட்டுக்கொள்வது) ஒரு டிடியூவின் விலை தனி டேட்டாபேஸைப் போல ஒன்றரை மடங்கு. ஆக 300-க்கான காசு. 1000 எங்கே, 300 எங்கே! ஒருவரே பூலை விழுங்காதபடி டேட்டாபேஸ் ஒன்றுக்கு உச்சவரம்பு வைக்க மறக்காதீர்கள். மாதக் கடைசியில் 20 பேரும் சேர்ந்து ரிப்போர்ட் எடுப்பவர்கள் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி: நான் மாணவன். இலவசமாகப் பழக வழி உண்டா?

பதில்: உண்டு தம்பி. மாதம் 1,00,000 விகோர் நொடி, 32 ஜிபி இலவசம். ஒரு விகோர் ஓடினால் சுமார் 28 மணி நேரம். தீர்ந்ததும் அடுத்த மாதம்வரை நிற்கும்படி அமைத்துவிடு.

கேள்வி: "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று மேனேஜர் விலை உயர்ந்த பிசினஸ் கிரிட்டிக்கல் லெவலை எடுக்கச் சொல்கிறார். கூடவே 3 வருட ரிசர்வேஷனும் (இத்தனை காலம் எடுப்போம் என்று முன்பே ஒப்புக்கொண்டு தள்ளுபடி பெறுவது).

பதில்: பேக்கப் சாதாரண லெவலான ஜெனரல் பர்ப்பஸிலும் உண்டு. இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து நீங்கள் வாங்குவது லோக்கல் எஸ்எஸ்டி வேகம், வேகமான ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மாற்றுக்குத் தாவுவது), ரிப்போர்ட்டுக்குப் பயன்படும் ஒரு ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான நகல்). ஜெனரல் பர்ப்பஸ் டிஸ்க்கின் 5 முதல் 10 மில்லி செகண்ட் தாமதம் உங்கள் பயனருக்குத் தெரிகிறதா என்று மேனேஜரையே கேளுங்கள். ரிசர்வேஷன் விகோர் கணக்கில் காசு கட்டும் முறைக்குத்தான், டிடியூவுக்குக் கிடையாது. கம்ப்யூட்டுக்குத் தள்ளுபடி, ஸ்டோரேஜுக்கு இல்லை. இரண்டு மூன்று மாதம் ஓட்டி, அளவு நிலைத்த பிறகு, முதலில் 1 வருடத்துக்குப் போடுங்கள்.