கார்பன் மோனாக்சைடு மீட்டர் பூஜ்யம் காட்டினால் நம்பலாமா?

கேள்வி: ஸ்கூபா சிலிண்டரில் நிரப்பிய காற்றைச் சோதிக்க ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வாங்கியிருக்கிறேன். திறந்த வெளியில் வைத்துப் பூஜ்யம் செய்துகொண்டால் போதுமா, காலிபரேஷன் வாயுவும் (செறிவு முன்பே தெரிந்த சோதனை வாயு) வாங்கத்தான் வேண்டுமா?

வாங்கத்தான் வேண்டும். செத்துப்போன சென்சாரும் சுத்தமான காற்றில் பூஜ்யம்தான் காட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் காலையில் எழுந்ததும் மீட்டரை வெளியே எடுத்துப் போய்ப் பூஜ்யம் செய்வேன். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகச் சோதிப்பேன். எல்லாம் பூஜ்யம். நல்ல காற்று கிடைக்கிறது என்று பெருமை வேறு. ஒருநாள் நண்பர் ஒருவர் 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, கார்பன் மோனாக்சைடு உள்ள காலிபரேஷன் வாயு கொண்டுவந்தார். மீட்டர் மெல்ல நகர்ந்து 3 வரை போய் நின்றுவிட்டது. அதுவரை நான் ‘பாஸ்’ போட்ட சிலிண்டர்களில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இந்த மீட்டர்களில் இருப்பது பெரும்பாலும் மின்வேதி சென்சார். உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடு ஒரு மின்முனையில் கார்பன் டை ஆக்சைடாக மாறும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டம் இல்லையென்றால் திரையில் பூஜ்யம். வாயு இல்லாததால் மின்னோட்டம் இல்லையா, சென்சார் வறண்டுபோனதால் இல்லையா என்று திரைக்குத் தெரியாது. பூஜ்யம் செய்வது தராசு முள்ளை நடுவில் நிறுத்துவது போல. எடைக்கல் வைத்துப் பார்ப்பது வேறு வேலை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சென்சார் ஐந்தில் ஒரு பங்கு உணர்திறனை இழந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரில் உண்மையில் 6 பிபிஎம் இருந்தால் மீட்டர் 4.8 காட்டும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021 அனுமதிப்பது 5 பிபிஎம் வரை. ஆக, தள்ளுபடி ஆகவேண்டிய காற்று தேறிவிடுகிறது. அமெரிக்காவின் சுவாசக் காற்றுத் தரமான கிரேடு ஈ-யின் வரம்பு 10. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அந்த 10 பிபிஎம் காற்றில் கார்பன் மோனாக்சைடின் பகுதி அழுத்தம் (கலவையில் அந்த வாயுவுக்கு மட்டும் உரிய அழுத்தம்), தரையில் 40 பிபிஎம் உள்ள காற்றுக்குச் சமம்.

செய்முறைக்கு வருகிறேன். 20 பிபிஎம் அளவில், மீதி காற்றாக உள்ள வாயுவை வாங்குங்கள். நமக்கு 5-க்குப் பக்கத்தில்தான் துல்லியம் வேண்டும். அதனால் 100, 200 என்று போகத் தேவையில்லை. காலாவதித் தேதி முக்கியம், குறைந்த செறிவு வாயு நாள்பட்டால் மாறிவிடும். முதலில் பூஜ்யம். அதைக் கம்ப்ரசர் அறையிலோ, ஓடும் எஞ்சின் பக்கத்திலோ செய்யாதீர்கள். அங்கே 4 பிபிஎம் இருந்து அதையே பூஜ்யம் என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால், பிறகு 8 உள்ள சிலிண்டர் 4 காட்டும். கிருமிநாசினி தடவிய கையோடும் வேண்டாம். ஆல்கஹால் ஆவிக்கும் பல சென்சார்கள் எண் காட்டும். நான் ஒருமுறை அரைமணி நேரம் குழம்பியிருக்கிறேன்.

அடுத்து வாயு. கையேடு சொல்லும் ஓட்ட வேகத்தில் மட்டும் விடுங்கள். வால்வைத் தாராளமாகத் திறந்தால் சென்சாரின் முகத்தில் அழுத்தம் கூடி எண் பொய்யாக ஏறும். சிலிண்டரைச் சோதிக்கும்போதும் அதே வேகம் இருக்க வேண்டும். பம்ப் இல்லாத சிறு மீட்டரானால் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை இரண்டு மூன்று முறை வாயுவால் நிரப்பிப் பிழிந்துவிட்டுக் கடைசியாக நிரப்பி மூடுங்கள். எண் ஏறுவது நின்று, ஒரே இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் திருத்த வேண்டும். அவசரப்பட்டு 17-இல் ஏறிக்கொண்டிருக்கும்போதே ‘20’ என்று பொத்தானை அமுக்கினால், பிறகு எண் கூடுதலாகவே காட்டும், வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ள நல்ல சிலிண்டரும் கெட்டதாகத் தெரியும்.

புகைபிடிப்பவரை மூச்சு விடச் சொல்லிச் சோதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். அவர்கள் மூச்சில் 10 பிபிஎம்முக்கு மேல் இருப்பது சகஜம். ஆனால் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. மூச்சில் ஹைட்ரஜனும் இருக்கலாம், அதற்கும் எண் ஏறும். எனவே அதை வைத்துத் திருத்தக் கூடாது.

திருத்துவதற்கு முன் மீட்டர் காட்டிய எண்ணையும் தேதியையும் ஒரு சின்னத் தாளில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறேன். 20 என்று காட்ட வேண்டிய இடத்தில் முதலில் 20, அப்புறம் 19, மறுபடி 19. போன மாதம் 16. புது சென்சாருக்குச் சொல்லிவிட்டேன்.