மாரி மழையும் நூலுருண்டையும்: வாங்கும் முன் கேட்டவை

விதைப்பை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் சாயல் மாறிவிடும். ஆவணியில் தண்ணீர் மோட்டரைப் பற்றிக் கேட்டவர்கள் ஐப்பசியில் நூலையும் ஊசியையும் கூழையும் பற்றிக் கேட்கிறார்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் ‘இலையுதிர்காலம் வந்துவிட்டது’ என்று பின்னல் படங்களை அனுப்புவதும் இதே மாதங்களில்தான். அங்கே இலை சிவந்து கொட்டுகிறது, இங்கே வளவுக்குள் வெள்ளம் நிற்கிறது. இரண்டிடத்திலும் ஆட்கள் வீட்டுக்குள்தான். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி: நிட்டிங் பழக ஆசை. முகநூலில் 72 துண்டுகள் உள்ள பெட்டி ஒன்று 4,500 ரூபா என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றாகக் கிடைப்பதால் வாங்கிவிடலாமா? கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பிய தாளில் 8ஆம் இலக்க ஊசி என்று இருக்கிறது. அதுவும் அந்தப் பெட்டியில் இருக்குமா?

வேண்டாம் தங்கச்சி. அப்படி ஒரு பெட்டியை நானும் ஒருமுறை எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் கணக்கில் குறை இல்லை. ஆனால் அதில் பாதிக்குமேல் பிளாஸ்ரிக் கொளுக்கிகளும் சின்னச் சின்ன வளையங்களும். மிச்சத்தில் நாடா ஒன்று, வெட்டாத கத்தரிக்கோல் ஒன்று. உண்மையில் எனக்குத் தேவைப்பட்ட ஊசி ஒரே ஒரு சோடி. அதன் நுனி சொரசொரப்பாக இருந்து, ஒவ்வொரு கண்ணியிலும் நூலைப் பிய்த்தது. துண்டுக் கணக்கைச் சொல்லி விற்கும் எதையும் அதன் பிறகு நான் நம்புவதில்லை.

உங்களுக்கு வேண்டியது 4 மில்லிமீற்றர் ஊசி ஒரு சோடி, பருத்தி நூல் ஓர் உருண்டை, காது பெருத்த, முனை மழுங்கிய தையல் ஊசி ஒன்று. கத்தரிக்கோல் வீட்டில் இருக்கும். ஊசி மூங்கிலாக இருந்தால் நல்லது. உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கி ஓடும், கை பழகாதவருக்கு அது பெரிய தலையிடி. மூங்கிலில் நூல் கொஞ்சம் பிடித்து நிற்கும். வாங்கும்போது நுனியைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். விரலைவிடக் கன்னம் சொரசொரப்பைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எங்கள் பெரியம்மா சைக்கிள் சக்கரக் கம்பியைக் கல்லில் தீட்டித்தான் பின்னினார். அந்தக் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிய நூலுக்குச் சரிவரும், நீங்கள் தொடங்கப்போகும் நூலுக்குச் சரிவராது.

அடுத்தது அந்த 8ஆம் இலக்கம். இதில்தான் பலர் காசை விடுகிறார்கள். பழைய இங்கிலாந்துக் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீற்றர். அமெரிக்கக் கணக்கில் அதே 8, 5 மில்லிமீற்றர். போதாததற்கு, இங்கிலாந்துக் கணக்கில் இலக்கம் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். மச்சாளின் தாள் எந்த நாட்டுக் கணக்கு என்று கேளுங்கள். கடையில் இலக்கம் சொல்லாமல் மில்லிமீற்றரைச் சொல்லிக் கேளுங்கள். ஒற்றைக் கொளுக்கி ஊசியால் பின்னுகிற குரோசே பக்கம் போனாலும் இதே கூத்துத்தான். அமெரிக்கத் தாளில் ‘சிங்கிள் குரோசே’ என்று இருப்பதை இங்கிலாந்துத் தாளில் ‘டபிள் குரோசே’ என்பார்கள். பின்னி முடித்த பிறகு தொப்பி ஏன் சாக்கு மாதிரி வந்தது என்று யோசிக்காமல், முதலிலேயே தாளின் தலைப்பைப் பாருங்கள்.

நூலின் இடுப்பில் ஒரு கடதாசிப் பட்டி சுற்றியிருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதை வாசிக்க வேண்டும். நிறை, நீளம், எத்தனை மில்லிமீற்றர் ஊசி, எப்படிக் கழுவுவது, எல்லாம் அதில் இருக்கும். ‘டிகே’ அல்லது ‘8 பிளை’ என்று இருப்பது நடுத்தரத் தடிப்பு, 4 மில்லிமீற்றர் ஊசிக்குப் பொருந்தும். நிறையை மட்டும் பார்த்து விலையை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். அதே தடிப்பில் 100 கிராம் அக்ரிலிக் நூல் 300 மீற்றரை எட்டிப் பிடிக்கும், பருத்தி பாரம் கூடியது என்பதால் அவ்வளவு தூரம் வராது. ஒரு மீற்றர் என்ன விலை என்று பிரித்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று விளங்கும்.

கறுப்பு நூலும் பஞ்சு மாதிரிப் பொசுபொசுவென்ற நூலும் இப்போதைக்கு வேண்டாம். மழைக்கு கரண்ட் போகிற மாலைகளில் கறுப்பில் கண்ணி தெரியாது. பொசுபொசு நூலைப் பிழைவிட்டால் பிரிக்க முடியாது. வெளிர் நிறப் பருத்தி என்றால் எத்தனை முறையும் உருவிப் பின்னலாம். 40 கண்ணி ஏற்றி, திருப்பித் திருப்பி ஒரே பின்னலாகப் பின்னுங்கள். ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில் துணி வரும். முகம் துடைக்கலாம், கோப்பை துடைக்கலாம். என் முதல் துணி ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி, பட்டம் மாதிரி வந்தது. இன்னும் குசினியில் இருக்கிறது, தேத்தண்ணீர்க் கேத்தலுக்குக் கீழே.

புதுக்குடியிருப்பிலிருந்து: பேத்திக்குச் சட்டை பின்னும்போது பாதியில் நூல் முடிந்துவிட்டது. அதே கடையில் அதே நிறத்தில் வாங்கினேன். பின்னிய பிறகு பார்த்தால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

இதில் கடைக்காரரைக் குற்றம் சொல்வது கஷ்டம் அம்மா. பட்டியில் நிற இலக்கத்துக்குப் பக்கத்தில் ‘லொட்’ என்று இன்னொரு இலக்கம் இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் போட்ட நூலுக்கெல்லாம் ஒரே லொட் இலக்கம். நிறம் ஒன்றாக இருந்தாலும் தொட்டி மாறினால் சாயல் மாறும். கடை வெளிச்சத்தில் தெரியாது, முற்றத்து வெயிலில்தான் தெரியும். அதனால் வேலைக்குத் தேவையானதை ஒரே லொட்டில், ஓர் உருண்டை கூடவே வைத்து வாங்குங்கள். வாங்கும்போதே “மிஞ்சினால் பட்டி கழற்றாத உருண்டையைத் திருப்பி எடுப்பீர்களா?” என்று கேட்டு, ஓம் என்றால் அதை பில்லில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் இருக்கும் சட்டைக்கு ஒரு வழி உண்டு. மற்றக் கையையும் கழுத்துக் கரையையும் புது நூலிலேயே பின்னிவிடுங்கள். வேண்டுமென்றே செய்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

கிளிநொச்சியிலிருந்து: ‘வூல்’ என்று வாங்கிய நூலில் அடுப்படிக்குச் சட்டி பிடிக்கிற துணி பின்னினேன். சூடான தாச்சியைத் தூக்கியதும் துணி உருகி ஒட்டிக்கொண்டது. விரலும் சுட்டுவிட்டது. வூல் உருகுமா?

உருகாது. நீங்கள் வாங்கியது அக்ரிலிக் நூலாகத்தான் இருக்கும். எங்கள் கடைகளில் பின்னுகிற தடித்த நூலுக்கெல்லாம் பெயர் வூல்தான். ஏமாற்றுவதற்காக என்றில்லை, பேச்சு வழக்கு அப்படி. ஆனால் பட்டியில் ‘100 சதவீதம் அக்ரிலிக்’ என்று எழுதியிருக்கும்.

பட்டி இல்லாமல் வாங்கிய நூலா? விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, குறட்டால் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். ஆட்டுக் கம்பளி என்றால் மயிர் கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். அந்த மணியைச் சூட்டோடு தொட்டுவிடாதீர்கள்.

அடுப்புப் பக்கம் போகும் எதற்கும் பருத்தி மட்டும்தான், அதுவும் இரட்டையாக மடித்து. அக்ரிலிக்கை வீசிவிட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பருத்தி காய இரண்டு மூன்று நாள் எடுக்கும், அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். தொப்பி, கதிரை முதுகு விரிப்பு, தொலைக்காட்சிக்கு மேல் போடும் உறை, இவற்றுக்கு நல்லது. அயர்ன் மட்டும் வைக்காதீர்கள். ஒரு மாதம் இருந்து பின்னிய உறையை விருந்தினர் வருகிறார்கள் என்று நான் அயர்ன் பண்ணப்போய், அது பளபளத்துத் தட்டையாகி, தோசை மாதிரித் தொங்கியது.

தர்மபுரத்திலிருந்து: மழைக்குக் கூழ் காய்ச்சலாம் என்று ஒடியல் மா பக்கற் வாங்கினேன். கசக்கிறது, ஒரு மாதிரி மணமும் அடிக்கிறது. வறுத்துப் பாவிக்கலாமா?

கசப்பு வேறு, மணம் வேறு. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவுக்குக் கசப்பு இயல்பு. நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிட்டால் குறையும். கசப்புக்காக மட்டும் கடையோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

புழுங்கின மணம் என்றால் பூஞ்சணம். வறுத்தால் மணம் போகும், ஆனால் பூஞ்சணம் விட்ட நஞ்சு முழுதாகப் போகாது. கச்சானுக்கும் இதே கதைதான். பாவிக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பனங்கிழங்கு கிண்டுவது தை, மாசியில். கிழங்கைப் பிளந்து காயவிட்டால்தான் ஒடியல். ஆகவே கார்த்திகையில் கடைக்குள் இருப்பது ஒன்பது பத்து மாதத்துக்கு முந்திய சரக்கு. அதை யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் மாவாக வாங்குவதை விட்டுப் பல வருடமாகிவிட்டது. கோடையிலேயே முழு ஒடியலாக வாங்கி, பேணியில் அடைத்து வைத்து, வேண்டியபோது இடித்துக்கொள்வேன். நல்ல ஒடியலை வளைத்தால் டக்கென்று ஒடியும், பெயரே அதுதானே. வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது.

உங்கள் பக்கற்றை எறிந்துவிடாதீர்கள். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தேறிய நிறை, அதிகபட்ச சில்லறை விலை, இவ்வளவும் இருக்கிறதா, திகதிக்கு மேல் இன்னொரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கடையில் மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குப் பில் முக்கியம். கேட்டால் பில் கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. “இவ்வளவு சின்னச் சாமானுக்கு என்ன பில்?” என்று கடைக்காரர் சிரித்தால், நீங்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள்.

மாங்குளத்திலிருந்து: வீதியோரம் வாங்கிய நிறப் பனையோலைப் பெட்டியில் எள்ளுருண்டை போட்டு வைத்தேன். உருண்டையில் சிவப்பு ஏறிவிட்டது.

சாயம் பூசிய பெட்டி ஊசி நூல் போட்டு வைக்கத்தான். சாப்பாட்டுக்குச் சாயமில்லாத ஓலையே போதும், நீத்துப்பெட்டியில் யாரும் நிறம் பார்ப்பதில்லையே. வாங்கும் முன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள், சாயம் விடுவது அங்கேயே தெரிந்துவிடும். மாரியில் ஓலைக்கும் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள். வெயில் எறிக்கிற நேரம் வெளியே வையுங்கள், மற்ற நேரம் புகை படுகிற மாதிரி அடுப்புக்கு மேலே தொங்கட்டும்.

நெடுங்கேணியிலிருந்து: காட்டுத்தேன் என்று வாங்கிய போத்தலின் அடியில் சீனி மாதிரிப் படிந்திருக்கிறது. கலப்படமா?

படிந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சுத்தமான தேனும் குளிருக்கு உறையும். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் கரைந்துவிடும். தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் சோதனையே அல்ல, தடிப்பாகக் காய்ச்சிய சீனிப்பாகும் தண்ணீரில் அப்படியே தாழும். தெரிந்த ஆளிடம் வாங்குவதுதான் ஒரே வழி. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் தொட்டு வைக்கவேண்டாம்.

முறிகண்டிப் பக்கம் ஓட்டோ ஓடும் ஒரு தம்பி: மழை நாளில் சவாரி குறைவு. ஓட்டோவுக்குள் சும்மா இருந்து போன் பார்த்துச் சலித்துவிட்டது. குரோசே பழகலாமா? கடையில் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது.

தாராளமாகப் பழகலாம். நிட்டிங்கைவிட உங்களுக்குக் குரோசேதான் தோது. ஒரே ஒரு கொளுக்கி ஊசி, எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். சவாரி வந்தால் கண்ணியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு அப்படியே டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டுப் போகலாம், ஒன்றும் அவிழாது. 4 மில்லிமீற்றர் அலுமினியக் கொளுக்கி ஒன்றும் 50 கிராம் பருத்தி நூலும் வாங்குங்கள். கடையில் “அக்காவுக்கு” என்று சொல்லுங்கள், கடைக்காரர் நம்பமாட்டார், ஆனால் கேட்கவும் மாட்டார். வெள்ளை நூல் மட்டும் எடுக்காதீர்கள், தம்பி. உங்கள் கையில் கிறீஸ் இருக்கும்.