உறுதி எழுதாத வாடகை வீட்டிலிருந்து உடனே எழும்ப வேண்டுமா?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து வருடமாக வாடகை வீடு. எழுத்தில் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி வீட்டுக்காரரின் தம்பி வந்து காசை வாங்கிப்போவார். ஜூன் 12 அன்று கனடாவிலிருந்து வீட்டுக்காரர் போன் எடுத்து, "வீட்டை வித்துப்போட்டன், மாதக் கடைசியில எழும்புங்கோ" என்றாராம். எழும்பாவிட்டால் பூட்டை மாற்றி, கரண்டையும் வெட்டுவோம் என்கிறார் தம்பி. "உறுதி இல்லாததால் எனக்கு உரிமையும் இல்லையா?"

உரிமை உண்டு, சகோதரி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) எழுதிய உறுதி, அதாவது சட்டப் பத்திரம், வேண்டும். மாத வாடகைக்கு வாய்ப்பேச்சே போதும்.

அதை முடிக்க முழுதாக ஒரு கலண்டர் மாத அறிவித்தல் தர வேண்டும். இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள். ஜூன் 12 சொன்னால் ஜூலை 12 முடியாது. உங்கள் வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குவதால் ஜூலை 1 முதல் எண்ணி, ஜூலை 31தான் முடிவு. ஜூன் 30இல் எழும்பச் சொல்லும் அந்த போன் செல்லாது. முறையான அறிவித்தல் எழுத்தில், பதிவுத் தபாலில் வருவதே வழக்கம்.

வீடு கைமாறியதால் வாடகை உரிமை அறுந்துபோகாது. வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார். அவரது உறுதியின் பிரதியைக் கேட்டுப் பார்த்துவிட்டு, வாடகையை அவரிடம் கட்டுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் உள்ள முன்கொள்வனவு உரிமை (விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை) பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் உரியது, வாடகைக்கு இருப்பவருக்கல்ல.

பூட்டை மாற்றுவது சட்டவிரோதம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்ற யாராலும் முடியாது. அப்படி நடந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். காணி, வீட்டு உடைமைத் தகராறுகளைக் கையாளும் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் உடைமையைத் திருப்பித் தரலாம். வெளியேற்றி 2 மாதத்துக்குள் வழக்கு வர வேண்டும். எத்தனையோ பேர் சமாதானம் பேசியே இந்த 2 மாதத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 1980க்குப் பின் கட்டிய வீடென்றால் பெரும்பாலும் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இராது. சரியான அறிவித்தல் முடிந்த பிறகும் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் தோற்று நட்டஈடும் கட்ட நேரிடும். ஆகவே இப்போதே வீடு தேடத் தொடங்குங்கள். அதுவரை ஒரு மாத வாடகையையும் நிலுவை வைக்காதீர்கள். கையில் கொடுக்காமல் வங்கியில் போட்டு, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தந்த முற்பணத்துக்கு ரசீது இல்லையென்றால், "நான் தந்த முற்பணம் இவ்வளவு, எப்போது தருவீர்கள்?" என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இன்றிரவே எழுதுங்கள், அவர் எழுதும் பதில் உங்களுக்குச் சாட்சியாகும்.