மீன் துண்டை எண்ணும் ஊர்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 34. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். மனைவியை நோயில் இழந்த ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மணந்தேன். அவருடைய மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளை நான் உரக்கத் திட்டியதுகூட இல்லை. ஆனாலும், பள்ளியில் விழுந்து முழங்காலில் காயத்தோடு அவள் வந்த அன்று, பக்கத்து வீட்டு அக்கா என் எதிரிலேயே, "உண்மையைச் சொல்லு மக்களே, எப்படிக் காயம் பட்டது?" என்று கேட்டார். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வைக்கும் நாள்களில் நடுத்துண்டை அவளுக்கும் வால்துண்டை எனக்கும் வைக்கிறேன். வந்தவர்கள் பார்க்கட்டும் என்றும்தான் அப்படி வைக்கிறேன் என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது. சென்ற வாரம் தொலைக்காட்சிச் செய்தியில் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று யாரோ சொன்னபோது, அவள் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கணவரிடம் சொன்னால், "ஊர் வாயை மூட முடியுமா?" என்கிறார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அவளுடைய அம்மாவின் கல்லறைக்கு நானும் போகலாமா?

அன்புள்ள சகோதரி,

பெற்ற தாய் பிள்ளைக்கு வால்துண்டை வைத்தால் அதை யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் வைத்தால் அது சாட்சியாகிவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் உங்கள் மனத்தில் தோன்றியதன்று, ஊர் தந்தது. அம்மாவின் தங்கையையும் அப்பாவின் இரண்டாம் மனைவியையும் 'சித்தி' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நாம், முதலாமவரிடம் பாசத்தையும் இரண்டாமவரிடம் கொடுமையையும் எதிர்பார்க்கப் பழகியிருக்கிறோம். கைகேயியைக் காட்டித்தான் மாற்றாந்தாயைப் பழிக்கிறார்கள். ஆனால் கம்பனின் கைகேயி, இராமனைப் பெற்ற தனக்கு என்ன துன்பம் வரும் என்று கூனியிடமே கேட்டவள். அவள் மனத்தைக் கலைத்தது வெளியிலிருந்து வந்த பேச்சு.

மறுமணக் குடும்பத்தில் யாரை எப்படி அழைப்பது, பிள்ளையைக் கண்டிக்கும் பொறுப்பு யாருக்கு என்பவற்றுக்குச் சமூகத்தில் தெளிவான வழக்கங்கள் இல்லாததே அங்கு எழும் பல சிக்கல்களுக்குக் காரணம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆண்ட்ரூ செர்லின் 1978-இல் எழுதினார். நம்மிடம் அந்த வெற்றிடத்தைப் பழங்கதைகள் நிரப்பிவிட்டன.

மகளின் பார்வையை நான் குற்றச்சாட்டாகக் கொள்ளவில்லை. அந்தச் சொல் உங்களைக் குறிக்கிறதா, உங்களுக்கு அது வலிக்கிறதா என்று அவள் தேடியிருக்கலாம். உங்களிடம் ஒட்டிக்கொண்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்தவளாகிவிடுவோமோ என்ற தவிப்பும் இத்தகைய பிள்ளைகளுக்கு உண்டு. இரண்டு ஆண்டுகள் குறைவான காலமே. இப்படிப்பட்ட குடும்பங்கள் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆவது இயல்பு.

உங்கள் கணவரின் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் வாயை மூட முடியாதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் மகளிடம் இனி அப்படிக் கேட்காதீர்கள்" என்று மகள் காதுபடச் சொல்ல அவரால் முடியும், அதை அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம், கைப்பேசி போன்றவற்றில் கண்டிப்பதும் இப்போதைக்கு அவர் பொறுப்பாகவே இருக்கட்டும். தலை பின்னுவது, உடன் அமர்ந்து சாப்பிடுவது போன்றவை உங்களுடையவையாக இருக்கட்டும். நடுத்துண்டை ஒரு நாள் நீங்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லறைத் திருநாளைப் பற்றி அவளிடமே கேளுங்கள். நேரடியாகக் கேட்பது அவளுக்குப் பாரமாக இருக்குமென்றால், "அம்மாவுக்கு எந்தப் பூ வாங்கலாம்?" என்று தொடங்குங்கள். நீங்கள் வர வேண்டாம் என்றால், அவள் சொன்ன பூவை வாங்கிக் கொடுத்து அப்பாவுடன் அனுப்புங்கள். வரச் சொன்னால் போங்கள். முதல் மெழுகுவர்த்தியை அவள் ஏற்றட்டும்.